உதைக்காத தோட்டா

இதை எனக்கு முதலில் சொன்னவள் என் மருமகள் சலேத்மேரி. போன தவக்காலத்தில், ஒரு வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதை முடிந்து கோயில் வேம்படியில் கஞ்சிக்கு நின்றபோது சொன்னாள். அவள் போலீசில் இருக்கிறாள். போலீஸ்காரர்கள் துப்பாக்கி சுட்டுப் பழகுகிற மைதானத்தில் அவளுக்கு வேலை. கண்ணால் பார்த்ததைத்தான் சொன்னாள். நான் என் வார்த்தையில் சொல்கிறேன்.

மலையடிவாரத்தில் இருக்கிறது அந்த மைதானம். அங்கே சுடக் கற்றுக்கொடுப்பவர் ஆமினா. வயதில் சின்னவர். அவரிடம் பழக வருகிற பாதிப் பேர் அவருக்கு அண்ணன் வயசு, சித்தப்பா வயசு. ஆனாலும் எல்லோருக்கும் அவர் மேடம்தான்.

அவர்களில் ஒருவர் கொம்பையா ஏட்டு. ரிவால்வர் போட்டிக்காக வருடக்கணக்காய்ப் பழகுகிறவர். அணிக்கு ஆள் எடுக்கிறபோதெல்லாம், கடைசி ஆளுக்கு அடுத்த ஆளாய் நின்று திரும்பி வந்தவர். இந்த வருடத்தோடு வயது வரம்பு முடிகிறது. இதை விட்டால் இனி இல்லை.

அந்த நேரம் பார்த்து, ஒரு திருவிழாக் கூட்டத்தின் தள்ளுமுள்ளில் விழுந்து வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டார். உள்ளே தகடு வைத்துத் தைத்தார்கள். எலும்பு நன்றாகக் கூடிவிட்டது, இனிமேல் தாராளமாகச் சுடலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கைதான் கேட்கவில்லை.

சுட்டதும் துப்பாக்கி நம் கையையே பின்னால் தள்ளுமாம். உதை என்கிறார்கள். தேங்காய் உடைக்கும்போது அரிவாள் வழியாக உள்ளங்கைக்கு ஒரு அதிர்ச்சி வருமே, அந்த மாதிரி, ஆனால் அதைவிடப் பெரிசு. ஒவ்வொரு உதைக்கும் ஏட்டுக்கு முழங்கை வரை சுரீர் என்றது. விசையை அமுக்கும் முன்பே மணிக்கட்டு பயந்து தாழ்ந்தது. குண்டு குறிக்குக் கீழே போய் மண்ணில் குத்தியது.

ஒருநாள் ஆமினாவிடம் வந்து நின்றார்.

"மேடம், உதைக்காத தோட்டான்னு ஒண்ணு உண்டா?"

"எதுக்கு ஏட்டையா?"

"என் சம்சாரம் பேசுற பேச்சைக்கூடத் தாங்கிருதேன். இந்த உதையைத் தாங்க முடியலை."

ஆமினா சிரிக்கவில்லை.

"செஞ்சு பாருங்க" என்றார்.

தோட்டா அடைக்க அனுமதி வாங்கின அறை ஒன்று அங்கே உண்டு. சாவி ஆமினாவிடம் இருக்கும். சுட்டு முடிந்த பித்தளைக் கூட்டைச் சுத்தம் செய்து, புதிதாக மருந்து போட்டு, மேலே ஈயக் குண்டைச் செருகினால் மறுபடியும் தோட்டா. மருந்தைக் குறைத்தால் உதை குறையும். ஆனால் போட்டியில் ஒரு சட்டம் இருக்கிறதாம். அவரவர் கொண்டுவந்த தோட்டாவில் சிலதை வாங்கிச் சுட்டு, குண்டின் வேகத்தை ஒரு பெட்டியை வைத்து அளப்பார்கள். குறித்த வேகம் இல்லையென்றால் வாங்கின புள்ளி எல்லாம் போச்சு.

ஏட்டு உட்கார்ந்தார். டியூட்டி முடிந்து காக்கிச் சட்டையை மாற்றாமலே வந்து உட்காருவார். மருந்தை மாற்றினார். குண்டின் எடையை மாற்றினார். ஒன்று மெத்தென்று இருந்தது, ஆனால் குறி சிதறியது. இன்னொன்று குறி தவறவில்லை, கைதான் கதறியது. இரண்டையும் ஒதுக்கிவிட்டு மறுபடி உட்கார்ந்தார். பக்கத்தில் வைத்த டீ ஆடை கட்டிக் கிடக்கும்.

"தோட்டா செய்யுதீகளா, தவம் பண்ணுதீகளா ஏட்டையா?" என்று என் மருமகள் கேலி பண்ணுவாளாம்.

"ரெண்டும்தான் தாயி. நீ தராசை ஆட்டாமப் போ."

கடைசியில் ஒரு வகை கூடி வந்தது. ஆமினா அதைச் சுட்டு, வேகம் அளந்து பார்த்தார்.

"இது போதும். வேகம் சட்டத்துக்கு மேலதான் இருக்கு. உதையும் பாதியாக் குறைஞ்சிருக்கு. இதுக்குக் கீழ போகாதீங்க."

"இன்னும் உதைக்குதே மேடம்."

"உதைக்கும்."

"கொஞ்சூண்டு குறைச்சா?"

"கீழ போகாதீங்கன்னேன்."

ஏட்டு தலையை ஆட்டினார். மனசு ஆட்டவில்லை. முதலில் கை பழகட்டும், வேகத்தை அப்புறம் கூட்டிக்கொள்ளலாம் என்று தனக்குத் தானே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டார். மறுநாள் ஆமினா போனில் பேச வெளியே போனபோது, ரிவால்வரை ஒரு தடவை நிரப்பும் அளவுக்கு மட்டும், மருந்தை இன்னும் குறைத்துத் தோட்டா அடைத்து வைத்தார்.

அதைத்தான் எடுத்துக்கொண்டு சுட நின்றார். பின்னால் ஆமினா. பக்கவாட்டில் என் மருமகள்.

முதல் குண்டு போனது. உதை ரொம்பக் கொஞ்சம். ஏட்டு முகம் மலர்ந்தது.

இரண்டாவது. 'பொத்' என்று தலையணையைத் தட்டின மாதிரி ஒரு சத்தம். கை அசையவே இல்லை.

"மேடம்! உதையே இல்லை மேடம்!"

சொல்லிக்கொண்டே அடுத்ததற்கு விரலை வளைத்தார்.

"நிறுத்து!"

அவ்வளவு பெரிய குரல் ஆமினாவுக்கு இருப்பது அன்றைக்குத்தான் எல்லோருக்கும் தெரிந்தது. ஏட்டையா என்று கூப்பிட்ட வாய் அது. கொம்பையா விரலை எடுத்துவிட்டார். ஆண்டவர் எடுக்க வைத்தார் என்றுதான் நான் சொல்லுவேன்.

ஆமினா துப்பாக்கியை வாங்கினார். தோட்டாக்களை எல்லாம் வெளியே எடுத்தார். ஒரு பித்தளைக் கம்பியைக் குழலின் வாய் வழியாக மெதுவாக உள்ளே விட்டார். கம்பி பாதியில் நின்றது.

"தள்ளிப் பாருங்க."

ஏட்டு தள்ளினார். நகரவில்லை.

"என்ன மேடம் இது?"

"உங்க குண்டு. வெளிய போற அளவுக்கு அதுக்கு மருந்து பத்தலை. நடுவழியில நின்னுட்டு."

"அடுத்ததை அமுக்கியிருந்தா?"

"அது இதுமேல போய் மோதியிருக்கும். குழல் வெடிச்சிருக்கும்."

ஏட்டு தன் இரண்டு கைகளையும் பார்த்தார். அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

"உதைக்காத தோட்டா கேட்டீங்களே ஏட்டையா" என்றார் ஆமினா. குரல் பழையபடி ஆகிவிட்டது. "இதான்."

பிறகு அறைக்குள் கூட்டிப்போனார். துப்பாக்கிக்குத் தோல் சுற்றி, வைஸ் என்கிற பட்டறை இடுக்கியில் வைத்து இறுக்கினார். குழலுக்குள் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டார். கம்பியையும், தச்சர்கள் வைத்திருக்கிற கொட்டாப்புளி என்ற மரச்சுத்தியையும் எடுத்து ஏட்டின் முன்னால் வைத்தார்.

"நீங்க அடைச்சது. நீங்களே எடுங்க."

ஏட்டு அடித்தார். ஈயம் குழலைக் கவ்விப் பிடித்திருந்தது. மறுபடி அடித்தார். மயிரிழை நகர்ந்த மாதிரி இருந்தது. அது கண்ணின் மயக்கமோ என்னவோ. எண்ணெய் விட்டு அடித்தார். நெற்றி வேர்வை கம்பியில் சொட்டியது. என் மருமகளுக்குப் பார்க்கப் பாவமாக இருந்தது.

"கொஞ்ச நேரம் நான் அடிக்கட்டா ஏட்டையா?"

"விலகு தாயி. இது வெளிய வராம இன்னைக்கு நான் வீட்டுக்குப் போகமாட்டேன்."

"அக்கா தேடுவாகளே."

"தேடட்டும். தேடினா மரியாதையாவது வரும்."

அடித்தார். பல்லைக் கடித்துக்கொண்டு அடித்தார். குண்டைத் தவிர அந்த அறையில் வேறு எதுவுமே இல்லை என்கிற மாதிரி அடித்தார். கம்பி ஒரு விரல் அளவு உள்ளே போனது. அப்புறம் இன்னும் கொஞ்சம். ஜன்னல் வெயில் சுவரில் ஏறிப் போன பிறகு, 'டொக்' என்று ஈயக் குண்டு தரையில் விழுந்து உருண்டது.

ஆமினா விளக்கைப் பிடித்துக் குழலுக்குள் பார்த்தார். கீறல் இல்லை.

ஏட்டு மூச்சு வாங்கினார்.

"மேடம், தப்புதான். நாளையில இருந்து நீங்க சொன்ன அளவுதான் அடைப்பேன், உங்க கண் முன்னால அடைப்பேன். அணியில நிக்காம விடமாட்டேன். ஆனா அது உதைக்குமே. என் கை தாங்குமா? அதை மட்டும் சொல்லுங்க."

ஆமினா குனிந்து ஈயக் குண்டை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"இவ்வளவு நேரமும் எந்தக் கையால அடிச்சீங்க ஏட்டையா?"

கொட்டாப்புளி அப்போதும் அவருடைய வலது கையில்தான் இருந்தது. அதைப் பார்த்தபடியே நின்றார்.

ஆள் எடுக்கும் நாள் இன்னும் வரவில்லை. நீங்கள் ஜெபம் பண்ணுகிறவர்களாக இருந்தால், எந்தச் சாமியிடம் என்றாலும் சரி, கொம்பையா என்ற பெயரை ஒரு தடவை சொல்லிவிடுங்கள்.