திரும்பிப் பார்க்கும் நாற்பது பேர்

எங்கள் ஆபீஸில் மெர்சியை எல்லோரும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவோம். வயது முப்பத்திரண்டு. அவருடைய முதல் சீடர் குழந்தைவேலுவுக்கு நாற்பத்தொன்று. கோயம்புத்தூரில், எரிந்துபோன மோட்டார்களுக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டிக்கொண்டிருந்த மனிதர். டீச்சரின் சாயங்கால வகுப்பில் அனிமேஷன் கற்றுக்கொண்டு, அவர் பின்னாலேயே இந்த கேம் கம்பெனிக்கு வந்து சேர்ந்துவிட்டார். தன்னைவிட ஒன்பது வயது சின்னவரை டீச்சர் என்று கூப்பிடுவதில் அவருக்கு ஒரு கூச்சமும் கிடையாது. கேலி செய்த எங்களுக்குத்தான் கொஞ்ச நாளில் அலுத்துப்போனது.

அப்போது நாங்கள் செய்துகொண்டிருந்தது எண்ணூறு வருஷத்துக்கு முந்தைய ஒரு போர்க்கதை. விளையாடுகிறவன் கோட்டைக்குள் புகுந்து, கடைசியில் அரச மண்டபத்துக்கு வருவான். அங்கே ராஜாவைச் சுற்றி அணுக்கர்கள் நாற்பது பேர் நிற்பார்கள். அணுக்கர் என்றால் ராஜாவின் மெய்க்காவல் படை. வெளியே நிற்கிற சிப்பாய்கள் இரண்டு வெட்டில் விழுந்துவிடுவார்கள். இவர்கள் லேசில் விழமாட்டார்கள். எந்தப் பக்கம் போனாலும் வாள் வந்து தடுக்கும்.

விளையாடிப் பார்ப்பதற்கென்றே இருக்கிற பன்னிரண்டு பேரும் ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். குழந்தைவேலுதான் வழி கண்டுபிடித்தார். சும்மா விட்டுப் பார்த்தால், அணுக்கர்களில் ஒவ்வொருவனும் கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை வலது பக்கம் திரும்புகிறான். இரண்டு விரலைத் தூக்குகிறான். பிறகு பழையபடி முன்னால் பார்க்கிறான். திரும்புகிற அந்த ஒன்றரை நொடி கவசம் விலகிக் கழுத்து தெரிகிறது.

‘திரும்பும்போது வெட்டுங்கள்’ என்று பெரிதாக எழுதி, அவரே சுவரில் ஒட்டினார். எல்லோரும் அவருக்குக் கை கொடுத்தோம்.

மூன்றாம் நாள் மத்தியானம் மனிதர் சாப்பிட வரவில்லை. தேடிக்கொண்டு போனேன். திரை இழுத்துவிட்ட சோதனை அறையில் தனியாக உட்கார்ந்திருந்தார். கன்ட்ரோலர் மேஜைமேல் கிடந்தது. ஸ்கிரீனில் நாற்பது பேரும் நின்றார்கள். முகம் வேறு, மீசை வேறு, உயரம் வேறு. ஆனால் எல்லோரும் இடது காலில் பாரத்தைப் போட்டு, ஒரே மாதிரி நின்றார்கள்.

“என்னங்க, பசிக்கலையா?”

“அது எங்கண்ணனுங்க.”

அது எனக்கும் தெரிந்ததுதான். நாற்பது பேருக்கும் உடம்பு கொடுத்தவர் ஒரே ஆள், அவருடைய அண்ணன் சென்னியப்பன். சினிமாவில் குதிரையிலிருந்து விழுகிறவர், மாடியிலிருந்து குதிக்கிறவர். தம்பி கூப்பிட்டார் என்று வந்தார். கறுப்பு உடுப்பில் கோலி மாதிரி வெள்ளைக் குண்டுகளை ஒட்டிக்கொண்டு, எங்கள் கூடத்தில் இரண்டு நாள் நடந்தார், வாள் சுழற்றினார், விழுந்தார், செத்தார். சுற்றிலும் இருந்த கேமராக்கள் அந்தக் குண்டுகளின் அசைவைப் பிடித்துக்கொண்டன. அந்த அசைவைத்தான் நாற்பது பேருக்கும் போட்டோம். போன மாசியில் காலையில் பல் விளக்கப் போனவர் நிஜமாகவே சரிந்துவிட்டார். நாற்பத்தைந்து வயது.

“நடை அவருதுன்னு தெரியுமுங்க. சண்டையும் அவருதுன்னு தெரியும். பாத்துப் பாத்துப் பழகிட்டேன். இந்தத் திரும்பறது என்னன்னுதான் நேத்துவரைக்கும் தெரியல.”

“என்ன அது?”

“ரெண்டாம் நாளு டீ வாங்கிட்டு வந்து ஓரமா நின்னு, அண்ணான்னு கூப்பிட்டேன். திரும்பிப் பாத்தாரு. ரெண்டு நிமிஷம் இருன்னு விரலக் காட்டினாரு. அதுதானுங்க இது.”

சொல்லிவிட்டு ஸ்கிரீனைப் பார்த்து, மெதுவாக “அண்ணா” என்றார்.

மூன்று பேர் திரும்பினார்கள்.

எப்போது யார் திரும்பவேண்டும் என்பதைக் கம்ப்யூட்டர் குலுக்கிப் போடுகிறது. அது எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் கதவுப் பக்கம் ஒரு அடி பின்வாங்கினேன். அடுத்த அறையில் விளையாடிக்கொண்டிருந்த யாரோ அணுக்கன் ஒருவனை வெட்டிச் சாய்த்த சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தைச் செய்து கொடுத்தவன் நான்தான்.

குழந்தைவேலு எழுந்து நேராக டீச்சரிடம் போனார். நானும் கூடவே போனேன்.

“அந்தத் திரும்பறத எடுத்துருங்க டீச்சர்.”

“ஏன்?”

என்னிடம் சொன்னதையே சொன்னார். டீச்சர் ஸ்கிரீனிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டுக்கொண்டார்.

“எடுத்துட்டா அவங்களக் கொல்ல வழியில்ல, குழந்தைவேலு.”

“வேற எங்கயாச்சும் வழி வைங்க. கால்ல வைங்க, முதுகுல வைங்க. நான் கூப்பிட்டதுல வேண்டாமுங்க.”

“அங்க இருந்தா என்ன?”

“நான் கூப்பிடறேன். அவரு திரும்பறாரு. சாகறாரு. ஒரு நாளைக்கு நூறு தடவ. அத எழுதி ஒட்டினவனும் நான்தான். வெள்ளிக்கெழம இது வெளிய போயிரும். அப்புறம் ஊரே வெட்டும்.”

டீச்சருக்கு ஆறுதல் சொல்ல வராது. எங்கள் அப்பா போனபோதுகூட என்னிடம் வந்து “லீவு எத்தன நாள் வேணும்?” என்றுதான் கேட்டார். இப்போதும் அப்படித்தான். பழைய பதிவு ஒன்றைத் தேடி எடுத்து ஓடவிட்டார்.

கறுப்பு ஸ்கிரீன். அதில் ஐம்பத்து மூன்று வெள்ளைப் புள்ளிகள். முகம் இல்லை, உடுப்பு இல்லை, உடம்பே இல்லை. ஆனால் யாரோ நிற்கிறார் என்று உடனே தெரிந்தது. இடது காலில் பாரத்தைப் போட்டு நின்றார். குழந்தைவேலு நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

புள்ளிகள் வலது பக்கம் திரும்பின. கைப்பக்கம் இரண்டு புள்ளிகள் உயர்ந்து இறங்கின.

டீச்சர் பதிவை நிறுத்தினார்.

“இந்த இடத்துல நறுக்கினது நான்தான். முன்னால பின்னால ஒட்ட வெச்சு, அவங்க சும்மா நிக்கிறப்போ திரும்பத் திரும்ப ஓடற மாதிரி வெச்சுக்கிட்டேன். மீதிய நான் பாக்கவே இல்ல.”

“மீதி இருக்குதுங்களா?”

அவர் பதிவை மேலே ஓடவிட்டார்.

புள்ளிகள் கொஞ்ச நேரம் அப்படியே நின்றன. இரண்டு நிமிஷம்கூட ஆகியிருக்காது. பிறகு குனிந்து, கையிலிருந்த எதையோ தரையில் வைத்து, வலது பக்கம் நடக்க ஆரம்பித்தன. கேமராவுக்கு எட்டாத ஓரம் வந்ததும் ஒவ்வொன்றாக அணைந்தன. முதலில் ஒரு தோள். அப்புறம் முழங்கால். அப்புறம் இடுப்பு. தலையில் இருந்த ஒரு புள்ளி மட்டும் கொஞ்ச நேரம் தனியாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அதுவும் போனது.

“எங்க போனாரு?” என்று டீச்சர் கேட்டார்.

“எங்கிட்டத்தானுங்க வந்தாரு.”

“வந்து?”

“டீ குடிச்சாரு. வடையில பாதியப் பிச்சு எனக்குக் குடுத்தாரு. வெயில்ல அலையாத, உனக்குத் தலவலி வருமுன்னாரு.”

மனிதர் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். நாங்கள் இரண்டு பேர் நிற்கிறோம் என்றுகூடப் பார்க்காமல் அழுதார். எனக்கும் அழுகை வந்தது, அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. டீச்சர் எங்களை வெளியே போகச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

நாலு மணிக்குக் கூப்பிட்டார். சோதனை அறையில் அரச மண்டபம் தயாராக இருந்தது.

“எதையும் தொடாதீங்க. சும்மா பாருங்க.”

நாற்பது பேரும் நின்றார்கள். ஒரு நிமிஷம் போனது. முன் வரிசையில் மூன்றாவது ஆள் வலது பக்கம் திரும்பினான். இரண்டு விரலைத் தூக்கினான். பழையபடி முன்னால் திரும்புவான் என்று காத்திருந்தோம். அவன் திரும்பவில்லை. வாளைக் கல் தரையில் வைத்தான். வலது பக்கம் நடந்தான்.

அந்தப் பக்கம் சுவர். அங்கே நாங்கள் வாசல் எதுவும் வைக்கவில்லை. அவன் சுவர்வரைக்கும் போனான், நிற்காமல் அதற்குள்ளும் போனான். முதலில் தோள் மறைந்தது, பிறகு முழங்கால்.

அடுத்து இன்னொருவன். அதற்கப்புறம் இரண்டு பேர். யாருக்கும் அவசரமில்லை. இதற்கென்று நான் சத்தம் எதுவும் செய்து வைக்கவில்லை, அதனால் காலடிகூடக் கேட்கவில்லை. ஏசி ஓடுகிற சத்தம்தான். கடைசி ஆளும் போனபிறகு தரையில் நாற்பது வாள் கிடந்தது. ராஜா மட்டும் ஆசனத்தில் உட்கார்ந்திருந்தார். அவருக்குக் கழுத்தைத் திருப்ப நாங்கள் சொல்லித்தரவில்லை. நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

குழந்தைவேலு ஸ்கிரீனைப் பார்க்கவில்லை. ஸ்கிரீன் முடிகிற வலது பக்கம், காலி நாற்காலி கிடந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை.

பிறகு டீச்சரைப் பார்த்துக் கேட்டார்.

“பொறுமையில்லாதவங்க நடுவுல வெட்டிருவாங்களே, டீச்சர்?”

“வெட்டுவாங்க.”

“காத்திருந்தா?”

“நீங்க பாத்ததுதான்.”

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அப்போதும் ஒரு சந்தேகம் பாக்கி இருந்தது.

“கதை எழுதினவங்க ஒத்துக்குவாங்களா? உசுரு இருக்கற வரைக்கும் ராஜாவ விட்டு ஒரு அடி நகரமாட்டோம்னு சத்தியம் பண்ணினவங்களாச்சே இவங்க.”

டீச்சர் எழுந்து ஜன்னல் திரையை விலக்கினார்.

“சத்தியம் நாம எழுதிக் குடுத்தது. திரும்பிப் பாத்தது அவரு.”