வருஷத்துக்கு ஒரு சாமான்

மலையடிவாரத்தில் ஒரு சின்ன மடம். அதை நடத்திவந்தவர் ஞானாம்பாள் அம்மா. வெள்ளிக்கிழமை தோறும் அங்கே பாட்டுப் பாடுகிறவர் மாசிலாமணி. அம்மாவைவிடப் பத்து வயது மூத்தவர்தான். ஆனாலும் அம்மா குரு, அவர் சீடர். முப்பது வருஷம் பஸ் கண்டக்டராக இருந்தவர். அவர் 'ரைட்' சொன்னால் அடுத்த ஊர் டீக்கடையில் திரும்பிப் பார்ப்பார்களாம். தன் குரல் தன் காதில் விழாவிட்டால் அவருக்கு மூச்சே முட்டும்.

குறை ஒன்றே ஒன்று. அவர் வாயைத் திறந்ததும் மடத்து மைக் செட் 'கூய்ய்ய்' என்று கூவும்.

"எல்லாம் ஓட்டைச் சாமான், அம்மா. மொத்தமா மாத்திருவோம்" என்றார்.

"மொத்தமா மாத்த மடத்துல வசதி ஏது, அண்ணாச்சி? வருஷத்துக்கு ஒரு சாமான். எதுன்னு நீங்களே சொல்லுங்க."

முதலில் மைக் வந்தது. பிறகு ஆம்ப்ளிஃபயர். மழையில் ஓடு சரிந்த வருஷம் வெறும் ஒயர் மட்டும். போன தையில் இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகள். ஒவ்வொன்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, கண்ணை மூடிக் கும்பிட்ட பிறகுதான் மாசிலாமணி சுவிட்சைப் போடுவார்.

சத்தம் தெளிந்தது, பொய் சொல்லக் கூடாது. முன்பு கரகரவென்று கூவியது. இப்போது கணீரென்று கூவியது.

விளக்குத் திரிக்கு வைத்திருந்த பஞ்சு வாராவாரம் குறைந்துகொண்டே வந்தது. ஒருநாள் பூக்கட்டும் செல்லக்கனியின் காதில் அதைக் கண்டுபிடித்தார் மாசிலாமணி.

"என்ன செல்லக்கனி இது?"

"பாட்டுல குத்தமில்ல, அண்ணாச்சி. கூடவே ஒண்ணு வருதுல்லா, அதுக்குத்தான். பங்குனி உத்திரத்துக்கு இன்னும் ரெண்டு கட்டுப் பஞ்சு வாங்கணும். ஊரே வருது."

அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை. நேராக அம்மாவிடம் போனார்.

"உத்திரத்தன்னைக்கும் கூவிச்சுன்னா, இனி இந்த ஜென்மத்துல பாடமாட்டேன். கூவலை அடக்க ஏதோ மெஷின் வந்திருக்காம். அது ஒண்ணு மட்டும் வாங்கிக் குடுங்கம்மா."

"இப்ப ஒரு பாட்டுப் பாடுங்க, கேப்போம்."

மாசிலாமணி பெட்டிகளைத் துடைத்தார். வழக்கம்போல ஒன்றைச் சனங்கள் உட்காரும் பக்கமாகவும், இன்னொன்றைத் தன் முகத்துக்கு நேராகவும் வைத்தார். மைக் முன்னால் உட்கார்ந்து வாயைத் திறந்தார்.

கூவியது. தோப்பிலிருந்து ஒரு மயில் பதில் சொன்னது.

அம்மா எழுந்து வந்தார். மாசிலாமணியின் முகத்தைப் பார்த்திருந்த பெட்டியை, தூங்குகிற பிள்ளையைப் புரட்டிப் போடுகிற மாதிரி, மெல்லச் சனங்கள் பக்கம் திருப்பினார்.

"இப்பப் பாடுங்க."

ஒரு அடி பாடினார். இரண்டு அடி. முழுப் பாட்டு. கூவவில்லை. செல்லக்கனி காதுப் பஞ்சை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"அம்மா! இத்தனை வருஷமா இதைச் சொல்லலியே?"

"சாமான் வாங்கித் தரத்தான கேட்டீங்க, அண்ணாச்சி?"

மறுபடி பாடத் தொடங்கினார். பாதியில் நிறுத்தினார். முகம் வாடிப் போயிருந்தது.

"என் குரல் எனக்குக் கேக்கவே மாட்டேங்குதே, அம்மா?"

"எங்களுக்குக் கேக்குது" என்றார் அம்மா.