போடாத போட்டோக்கள்

"போட்ட போட்டோவே திரும்பத் திரும்ப வருதும்மா. எதைப் போட்டேன், எதைப் போடலைன்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?"

கேட்டவர் தணிகாசலம். திண்டுக்கல்லில் பெயிண்ட் கடை வைத்திருப்பவர்.

கேட்டது நிலோபரிடம். ஊரில் நடக்கும் கல்யாணங்களில் பாதி வீடியோ அவர் எடிட் செய்ததுதான். இரண்டு பேருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. ஆனாலும் இந்தக் கதையில் நிலோபர்தான் குரு. வாய் கொஞ்சம் நீளமான குரு.

தணிகாசலத்தின் மகள் சுடர்விழிக்கு அந்த வாரம் கல்யாண வரவேற்பு. மேடைக்குப் பக்கத்தில் திரை கட்டி, அவளுடைய சின்ன வயதுப் படங்களைப் பாட்டோடு ஓட விடுவதாக ஏற்பாடு.

சொல்லியிருந்தால் நிலோபரே செய்து கொடுத்திருப்பார். இவர் சொல்லவில்லை. மனைவி கோமளா பிரிந்து போனபோது மகள் மூன்றாம் வகுப்பு. அன்றிலிருந்து ஒற்றை ஆளாக வளர்த்த பிள்ளை. வீடியோப் படத்தையும் ஒற்றை ஆளாகவே செய்வேன் என்று, எடிட்டிங் கற்றுக்கொள்ள, பேக்கரி மாடியில் இருக்கும் நிலோபரின் அறைக்கு வந்து உட்கார்ந்துவிட்டார்.

வீம்புதான். ஆனால் பாசத்தில் வந்த வீம்பு. அதைத் திட்ட யாருக்கு மனசு வரும்?

கோமளாவை வரவேற்புக்கு மகள் அழைத்திருந்தாள். தணிகாசலம் வேண்டாம் என்று சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை.

நிலோபர் அவர் கேள்விக்கு உடனே பதில் சொல்லவில்லை. நீங்களே ஒரு வழி கண்டுபிடித்துக்கொண்டு நாளைக்கு வாங்க என்று அனுப்பிவிட்டார்.

மறுநாள் தணிகாசலம் வந்தபோது முகத்தில் ஈயாடவில்லை.

வழி கண்டுபிடித்திருந்தார். போட்ட போட்டோக்களை எல்லாம் அள்ளி 'முடிஞ்சது' என்று ஒரு தனி ஃபோல்டரில் போட்டுவிட்டார். இனிமேல் குழப்பமே வராது என்று படத்தை ஓட விட்டால், பாட்டு மட்டும் ஓடியது. போட்டோ கிடைக்கவில்லை என்று திரை முழுக்கச் சிவப்பு.

"எல்லாம் போச்சும்மா" என்றார்.

"ஒண்ணும் போகலை. நீங்க இடத்தை மாத்திட்டீங்க."

"படத்துக்குள்ளதானே வச்சேன்?"

"படம் எதையும் உள்ள வச்சுக்கிறதில்லைண்ணே. போட்டோ எங்க இருந்துச்சோ அந்த இடத்தைப் பாத்துக்கிட்டே இருக்கும். நீங்க முடிஞ்சதுன்னு எடுத்துட்டுப் போயிட்டா அது எங்க போய்த் தேடும்?"

பிறகு நாற்காலியைத் தள்ளிப் போட்டு, அவரையே பழைய இடத்தில் திருப்பி வைக்கச் சொன்னார்.

வைத்தார். சிவப்பு விலகிப் படங்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. முன்பல் விழுந்த சுடர்விழி. ஆண்டு விழாவில் ஒட்டு மீசையோடு பாரதமாதா பக்கத்தில் நிற்கும் சுடர்விழி. பெயிண்ட் டப்பா மேல் ஏறி நின்று கல்லாவுக்கு மேலே தலை நீட்டும் சுடர்விழி. தணிகாசலம் மௌஸை விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார். அந்த நாட்கள் இன்னும் கொஞ்சம் இருந்திருக்கலாம் என்று அவருக்குத் தோன்றியது. கடையும் வீடும் என்று அவர் ஓடிய ஓட்டத்தில் அவை எப்போது கடந்தன என்றே தெரியவில்லை.

சற்றுத் தெளிந்ததும் பழைய குறை திரும்பியது. போட்டோ பத்தவில்லை. பாட்டு பாதி ஓடுவதற்குள் தீர்ந்துவிடுகிறது, அதனால்தான் போட்டதையே போட வேண்டியிருக்கிறது. சின்னப் பாட்டாக ஒன்று பார்த்துக் கொடுத்தால் புண்ணியமாகப் போகும் என்றார்.

நிலோபர் எட்டி ஒரு பட்டனை அழுத்தினார். போட்ட படங்கள் மறைந்தன. போடாதவை மட்டும் திரையில் நின்றன.

திரை கொள்ளவில்லை. கீழே இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தன.

கோமளா மடியில் குழந்தை. கோமளா எண்ணெய் தேய்க்க, கண்ணை இறுக மூடிக்கொண்ட குழந்தை. பஸ் ஸ்டாண்டில் கோமளாவின் தோளில் வாய் பிளந்து தூங்கும் குழந்தை.

"பத்தலைன்னீங்க" என்றார் நிலோபர்.

"இதெல்லாம் கணக்குல வராதும்மா." தணிகாசலம் திரையைப் பார்க்கவில்லை. "இது அப்பன் மக படம்."

"பாதிப் பிள்ளையைத்தான் மேடையில காட்டப் போறீங்களா?"

"நான்தான் வளர்த்தேன்."

நிலோபர் வாதாடவில்லை. வாய் நீளமானவர் வாதாடாமல் இருந்தது தணிகாசலத்துக்கு என்னவோ போல இருந்தது.

அவருடைய படத்தின் முதல் போட்டோவை நிலோபர் பெரிதாக்கினார். அவர் பார்த்துப் பார்த்து முதலில் வைத்தது. கொடைக்கானல் ஏரிக்கரை. இளந்தாரி தணிகாசலம். அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு மகள். வேறு ஆளே இல்லை. இருவரும் கண்ணில் நீர் வரச் சிரிக்கிறார்கள்.

"இதுல ரெண்டு பேரும் யாரைப் பாத்துண்ணே சிரிக்கிறீங்க?"

தணிகாசலம் திரைப் பக்கம் குனிந்தார்.

கீழே பேக்கரியில் யாரோ டீ சொல்லும் சத்தம் கேட்டது.

"கோமளாதான். கேமரா மூடியைக் கழட்டாமலே எடுத்துக்கிட்டு இருந்தா" என்றார் கடைசியில். "ஒரு ஃபிலிம் ரோல்ல பாதி போச்சு. சொன்னா நம்பவே இல்லை. பாப்பாதான் ஓடிப் போய்க் கழட்டிவிட்டுட்டு வந்தா."

சொல்லும்போதே சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்போடு சேர்ந்து மற்றதும் வந்தது. தோள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

நிலோபர் சின்னப் பாட்டாகத் தேட ஆரம்பித்தார்.

"அது வேண்டாம்மா" என்றார் தணிகாசலம். "இதைவிடப் பெரிய பாட்டா ஒண்ணு இருக்குமா?"