மூடுபனிக்குள் மகன் குரல்

செங்கமலம் என்ற தாய்க் கரடி மலைச்சரிவில் தேன் வியாபாரம் செய்துவந்தது.

ஐப்பசி பிறந்துவிட்டால் அந்த மலையில் மூடுபனி இறங்கிவிடும். எதிரே நிற்பவர் முகம்கூடத் தெரியாது. அதனால் அங்கே ஒரு வழக்கம் இருந்தது. தேன் வேண்டியவர் ஓடைக்கு அந்தப் பக்கம் நின்று குரல் கொடுப்பார். பழகின குரல் என்றால், செங்கமலம் ஓடை நடுவில் இருக்கும் பாறையில் தேன் குடுவையை வைத்துவிட்டு வந்துவிடும். அவர் குடுவையை எடுத்துக்கொண்டு, பழமோ கிழங்கோ வைத்துவிட்டுப் போவார்.

செங்கமலத்துக்கு ஒரே மகன். பெயர் சடையன். இரண்டு வருஷத்துக்கு முன்னால், இன்னும் குட்டியாக இருக்கும்போதே, கணவாய்க்கு அப்பால் உள்ள காட்டுக்குத் தேனடை எடுக்கும் வேலைக்குப் போனான். “அடுத்த தடவை காடு பூக்கும்போது வந்துடறேம்மா!” என்று சொல்லித்தான் போனான். காடு இரண்டு முறை பூத்து உதிர்ந்துவிட்டது. அவன் வரவில்லை.

தினமும் சூரியன் வரும் திசை பார்த்துச் செங்கமலம் கைகூப்பும். “சாமி, எம்புள்ள எங்க இருந்தாலும் அவன் வயிறு வாடாமப் பாத்துக்க!” என்று வேண்டிக்கொள்ளும். பிறகு புதுத்தேனில் கொஞ்சம் தேக்கிலையில் ஊற்றி, மகனுக்கென்று எடுத்து வைக்கும். சாயங்காலத்துக்குள் எறும்பு தின்றுவிடும். மறுநாளும் வைக்கும்.

தை மாதம் யானைக் கூட்டம் கணவாயைத் தாண்டும். துணைக்குச் சேர்ந்து போக ஏழு குடுவை தேன் கூலி. அந்த ஏழையும் செங்கமலம் வாயைக் கட்டி, வயிற்றைக் கட்டிச் சேர்த்து வைத்திருந்தது. மகனைப் போய்ப் பார்த்துவிட வேண்டும் என்று ஒரே ஆசை.

ஒரு நாள் காலை, பனிக்குள்ளிருந்து காட்டுப்பன்றி மொட்டையனின் குரல் கேட்டது.

“அக்கா! ரெண்டு குடுவை வை! கிழங்கைச் சாயங்காலம் கொண்டாறேன்!”

செங்கமலம் விற்பனைத் தேனில் இரண்டு குடுவை வைத்தது. சாயங்காலம் மொட்டையன் நேரில் வந்தபோது கிழங்கைக் கேட்டதும் திருதிருவென்று விழித்தான்.

“நானா? நான் காலையில இந்தப் பக்கமே வரலியே அக்கா!”

பக்கத்துப் பொந்தில் இருந்த முள்ளம்பன்றி சீரங்காயி சிரித்தது. “காதை மட்டும் நம்பிக் கடை நடத்தறியே அக்கா!”

“பழகின குரல் பொய் சொல்லுமா சீரங்காயி?”

“குரலா சொல்லுது? வாய்தானே சொல்லுது!”

அந்த வாய் கரிச்சான் குருவியின் வாய். யார் குரலையும் அச்சு அசலாகப் பேசக்கூடியது அது. கரிச்சான் குரல் கொடுக்கும். குள்ளநரி குடுவையைத் தூக்கிக்கொண்டு ஓடும். இரண்டும் பங்கு போட்டுக்கொள்ளும்.

“அந்தக் கரடிகிட்ட இன்னும் ஏழு குடுவை இருக்கு. அதை யார் கேட்டாலும் தராதாம்!” என்றது நரி.

“மகன் கேட்டா தரும்! அவன் குட்டியா எங்க மரத்தடியிலதான் உருண்டு விளையாடுவான். அவன் குரல் என் தொண்டையிலேயே இருக்கு!” என்றது கரிச்சான்.

மறுநாள் காலை.

“அம்மா!”

செங்கமலத்தின் கையில் இருந்த தேனடை கீழே விழுந்தது.

“அம்மா! நான்தான் சடையன்! உன்னைப் பாக்க வந்தேன். குரங்குக் கூட்டம் பிடிச்சு வெச்சிருக்கு. ஏழு குடுவை தேன் தந்தாத்தான் விடுமாம். சீக்கிரம்மா! யாருக்கும் சொல்லாதே! கிட்டயும் வராதே!”

செங்கமலம் ஏழு குடுவைகளையும் வாரிக்கொண்டு ஓடையில் இறங்கியது. சீரங்காயி குறுக்கே வந்து நின்றது.

“எங்க அக்கா போறே?”

“எம்புள்ள சீரங்காயி! எம்புள்ள குரல்! இன்னொரு தடவை பேசு கண்ணு!”

“அம்மா! சீக்கிரம்மா!”

அதே கொஞ்சல். அதே கீச்சுக் குரல். துளிகூட மாறவில்லை என்று தாய் மனம் பூரித்தது.

மாறவில்லையா?

செங்கமலம் தண்ணீரிலேயே நின்றுவிட்டது. போகும்போது அவனுக்குப் பால்பல்கூட விழவில்லை. ஒரே வருஷத்தில் அடுத்த குகைக் குட்டிக்கெல்லாம் குரல் கனத்துவிட்டதே! இரண்டு வருஷமாகத் தான் நினைத்து நினைத்து ஏங்கிய அதே குட்டிக் குரல் இன்றைக்கு எப்படி வரும்?

மனசு போகச் சொன்னது. கால் பின்னால் வந்தது.

“கண்ணு, இருவாச்சிப் பறவை இந்த மாசம்தான் கணவாயைத் தாண்டிப் பறக்க ஆரம்பிச்சிருக்கு. உன்னை விசாரிச்சு வரச் சொல்றேன். அதுவரைக்கும் தேன் நகராது.”

“அதுக்குள்ள என்னைக் கொன்னுடுவாங்க! உனக்கு என்னைவிடத் தேன்தான் பெரிசாம்மா?”

செங்கமலம் தேம்பி அழுதது. “சாமி, நான் செய்யறது தப்புன்னா என்னைத் தண்டிச்சிடு. அவனைக் காப்பாத்து!” என்று சொல்லி, குடுவைகளைக் கட்டிக்கொண்டு கரையிலேயே உட்கார்ந்துவிட்டது.

நரிக்குப் பொறுக்கவில்லை. பனிக்குள்ளிருந்து பாய்ந்து குடுவையைப் பிடுங்க வந்தது. சீரங்காயி முள்ளைச் சிலிர்த்துக்கொண்டு திரும்பி நின்றது.

“ஐயோ! என் மூக்கு!”

“ஓடு நரி, ஓடு!” என்று, மகன் குரல் வந்த அதே மரத்து மேலிருந்து கரிச்சான் தன் சொந்தக் குரலிலேயே கத்திவிட்டது. நரி ஓடியது.

“கரிச்சான், நில்லு!” என்றது செங்கமலம். “உன்னை ஒண்ணும் செய்யமாட்டேன். அவன் குரல்ல ஒரே ஒரு தடவை ‘அம்மா’ன்னு கூப்பிட்டுட்டுப் போ.”

கரிச்சான் தலையைக் குனிந்துகொண்டு கூப்பிட்டது. செங்கமலம் கண்ணை மூடிக் கேட்டது. குடுவை மேல் வைத்த கையை மட்டும் எடுக்கவில்லை.

விசாரிக்கப் போன இருவாச்சி மூன்றாம் நாள் திரும்பி வந்தது.

“சடையன் நல்லா இருக்கான் தாயே! குரலைக் கேட்டு யாரோ பெரியவர்னு நினைச்சுக் கும்பிட்டுட்டேன்! ‘தையில அம்மா வருமா’ன்னு கேட்டான்.”

அன்றிலிருந்து, ஓடையைத் தாண்டி வந்து முகம் காட்டி விலையைக் கையில் தந்தவருக்கே செங்கமலம் தேன் கொடுத்தது. வேலை ஓய்ந்த நேரத்தில், ஒரு கனத்த குரல் ‘அம்மா’ என்று கூப்பிட்டால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்க்கும். எவ்வளவு நினைத்தும் பிடிபடாது. தை பிறக்க இன்னும் எத்தனையோ நாள் இருந்தது.

நம் உயிருக்கு உயிரானவர் குரலிலேயே அவசரம் என்று கேட்டு வந்தாலும், வேறு வழியில் விசாரித்துத் தெரிந்துகொண்ட பிறகே கையில் இருப்பதைக் கொடுக்க வேண்டும்.