குன்றிமணி சிவந்த போர்

கொடிகளும் மரங்களும் மனிதரோடு வாய்விட்டுப் பேசிய அந்தக் காலத்தில், குன்றிமணி முழுக்க முழுக்கக் கறுப்பாக இருந்தது. நெற்று முற்றினால் மணிகள் தரையில் உதிரும். மிதித்துக்கொண்டு போவார்களே தவிர, யாரும் குனிந்து எடுத்துப் பார்த்ததில்லை.

மேற்கே எதிரெதிராக இரண்டு மலைகள், மேலைமலையும் கீழைமலையும். இரண்டுக்கும் நடுவே ஒரு புல்வெளி, அதில் கோடையிலும் வற்றாத ஒரு சுனை. இரண்டு மலைக்காரர்களும் மாடு வளர்ப்பவர்கள். சுனை ஒன்றுதான். அதனால் ஏழு வருடத்துக்கு ஒருமுறை வேலெடுத்துச் சண்டை போட்டார்கள். வென்றவர்களுக்கு அடுத்த ஏழு வருடமும் சுனை சொந்தம். தோற்றவர்கள் மாடுகளை ஓட்டிக்கொண்டு தண்ணீருக்காக ஒரு நாள் தூரம் இறங்க வேண்டும்.

ஒரு சண்டையில் இரண்டு பக்கமும் சேர்த்து நாற்பத்தொரு பேர் செத்தார்கள். மேலைமலையின் தலைவன் அதில் ஒருவன். அவனுக்குப் பிறகு அவன் தங்கை கொற்றி தலைவியானாள். கீழைமலைத் தலைவர் நெடுவேட்டர் தப்பினார். அவருடைய மூத்த மகன் தப்பவில்லை.

அடுத்த சண்டைக்கு ஒரு வருடம் இருக்கும்போது கொற்றி தனியாகக் கீழைமலைக்குப் போனாள். கையில் வேல் இல்லை. நெடுவேட்டர் வாசலில் உட்கார்ந்து ஏதோ மரத்துண்டைச் செதுக்கிக்கொண்டிருந்தார்.

"இந்த முறை ஆட்கள் வேண்டாம்" என்றாள் கொற்றி. "நீங்கள் இருநூறு சிறு வீரர்களைச் செய்யுங்கள். நானும் இருநூறு பேரைச் செய்கிறேன். புல்வெளி ஓரத்துத் தட்டைப்பாறையில் நிறுத்தி ஆடுவோம். யார் வென்றாலும் சுனை அவர்களுக்கு."

நெடுவேட்டர் செதுக்குவதை நிறுத்தினார். பிறகு, "தோற்றவர்கள் வாக்கு மாறினால்?" என்று கேட்டார்.

"வரையாட்டை நடுவராக வைப்போம். அது இரண்டு மலை உச்சியிலும் நிற்கிறது. யாருடைய ஆளும் இல்லை."

வரையாடு ஒப்புக்கொண்டது. விதிகளை அதுவே வகுத்தது. படையை நடத்துகிறவர்தான் அதைத் தன் கையால் செய்ய வேண்டும். வேறு கை படக் கூடாது. வண்ணம் ஏறாத வீரன் பாறையில் நிற்கக் கூடாது. ஒரு நடைக்கு ஒரு கோரைத்தண்டின் நீளம்தான் நகரலாம். இரு படையும் முட்டிக்கொண்டால், ஒரு பக்கம் தேய்த்து வெளுப்பாக்கிய ஏழு புளியங்கொட்டைகளை இருவரும் மாறி மாறி உருட்ட வேண்டும். எத்தனை வெள்ளை விழுகிறதோ எதிரியின் ஆட்களில் அத்தனை பேர் சாய்வார்கள். பாறை நடுவில் ஒரு சிறு குழியில் சுனைத் தண்ணீர் ஊற்றி வைக்கப்படும். சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கும்போது அந்தக் குழியருகே யாருடைய ஆள் நிற்கிறானோ அவர்களுக்கே வெற்றி.

அந்த வருடம் முழுவதும் கொற்றி களிமண்ணில் வீரர்களைச் செய்தாள். வில்லாளிகள், வேல்காரர்கள், குதிரைக்காரர்கள் எல்லாம் ஒரு விரல் உயரம். மேலைமலை இளைஞர்களுக்கு இது பிடிக்கவில்லை. "பொம்மை வைத்தா சுனையை வாங்கப் போகிறாள்?" என்று முணுமுணுத்தார்கள். கொற்றி காதில் போட்டுக்கொள்ளவில்லை. இருநூறு பேரும் தயாரானார்கள். மறுநாள் சூளையில் வைக்கலாம் என்று குடிசையில் வரிசையாக அடுக்கினாள்.

அன்று பிற்பகல் பெய்த மழையில் குடிசையின் கூரை உள்ளே விழுந்தது. ஓடிப் போய்ப் பார்த்தபோது இருநூறு பேரும் ஒரே சேறாகக் கிடந்தார்கள். ஒரு குதிரையின் தலை மட்டும் கொஞ்ச நேரம் அடையாளம் தெரிந்தது. அவள் கை வைத்ததும் அதுவும் கரைந்தது.

ஆட்டத்துக்கு ஐந்து நாள்தான் இருந்தது. இளைஞர்கள் பரண்மேல் இருந்த வேல்களை இறக்கித் தீட்டத் தொடங்கினார்கள். கல்லில் இரும்பு உரசும் சத்தம் ஊர் முழுக்கக் கேட்டது.

கொற்றியின் அண்ணி பூவை அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "என் வீட்டில் அனுப்புவதற்கு இனி யாரும் இல்லை, கொற்றி" என்றாள். "மற்றவர்கள் வீட்டில் இருக்கிறார்கள். அவர்களாவது இருக்கட்டும். ஏதாவது செய்."

கொற்றி களிமண் தேடி ஓடைக்குப் போனாள். மண் எடுக்கும் கரை வெள்ளத்துக்குள் இருந்தது. வெறுங்கையோடு திரும்பி வரும்போது வேலியிலிருந்து ஒரு குரல் கேட்டது.

"மண்தான் வேண்டுமா? வேறு எதுவும் ஆகாதா?"

குன்றிக்கொடி பேசியது. அதன் நெற்றுகள் அப்போதுதான் முற்றி வெடித்திருந்தன.

"இருநூறு பேர் வேண்டும்" என்றாள் கொற்றி.

"என்னிடம் அதற்கு மேலேயே இருக்கிறார்கள். சின்னவர்கள்தான், ஆனால் கெட்டி. மழைக்குக் கரையமாட்டார்கள்." கொடி கொஞ்சம் தயங்கியது. "என் பிள்ளைகளை யாரும் இதுவரை எதற்கும் கேட்டதில்லை."

கொற்றி ஒரு மணியை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். வழவழப்பாக, கனமாக இருந்தது. மடியை விரித்தாள்.

தேன்மெழுகை உருட்டி, தட்டி, ஒவ்வொரு மணிக்கும் ஒரு பீடம் வைத்தாள். மூங்கில் சிம்பைச் சீவி வேலாக்கினாள். பனையோலை ஈர்க்கை வளைத்து நார் கட்டினால் வில். நான்கு கவடுள்ள சுள்ளிகளைத் தேடிப் பொறுக்கி அவற்றைக் குதிரைகளாக நிறுத்தி மேலே மணிகளை உட்கார வைத்தாள். இரண்டு நாளில் இருநூறு பேரும் எழுந்து நின்றார்கள். எல்லோரும் கறுப்பு.

வண்ணத்துக்கு வேங்கை மரத்திடம் போனாள். "கீறிக்கொள்" என்றது மரம். "ஆழமாக வேண்டாம்." பட்டையிலிருந்து இரத்தம்போல வழிந்த பாலில் காவிக்கல் பொடியைக் குழைத்தாள். அணில் தன் வாலிலிருந்து நான்கு மயிர் கொடுத்தது. மணிகளை ஒவ்வொன்றாகப் பீடத்திலிருந்து கழற்றி, ஒரு முனையைக் கட்டைவிரல் நகத்துக்கும் ஆள்காட்டி விரல் நகத்துக்கும் நடுவே பிடித்து, மெல்லிய ஒரு பூச்சு பூசிக் காயவிட்டாள். அது காய்ந்ததும் இன்னொரு பூச்சு, அதன்மேல் இன்னொன்று. தடித்துப் பூசினால் வெடித்துப் போகும் என்று முதல் மணியிலேயே தெரிந்துகொண்டாள். கை முழுக்க வண்ணமாக இருந்ததால் பூவைதான் அவளுக்குக் கஞ்சி ஊட்டினாள்.

"உன் அண்ணனுக்கு இவ்வளவு பொறுமை கிடையாது" என்றாள் பூவை.

"எனக்கும் கிடையாது, அண்ணி. இந்த மூன்று நாளில்தான் வந்தது."

மூன்றாம் பூச்சுக்குப் பிறகு மணிகள் தணல்போல மின்னின. நகம் பிடித்த இடம் மட்டும் கறுப்பாகவே நின்றது. அதையும் மூடிவிடலாம் என்று கொற்றி ஒரு மணியைத் திருப்பிப் பிடித்தபோது வேலியிலிருந்து கொடி கூப்பிட்டது.

"அதை விட்டுவிடு."

"ஏன்?"

"அந்த இடத்தில்தான் அவர்கள் என்னோடு ஒட்டியிருந்தார்கள். அந்த வழியாகத்தான் நான் பால் கொடுத்தேன். அதையும் மூடினால் என் பிள்ளைகள் என்பதற்கு எதுவும் மிச்சமில்லை."

கொற்றி விதியை நினைத்தாள். வண்ணம் ஏறாத வீரன் பாறையில் நிற்கக் கூடாது. அரைகுறை என்று சொல்லி நெடுவேட்டர் இருநூறு பேரையும் தள்ளிவிடலாம். தள்ளினால் ஊரில் வேல்கள் தயாராக இருக்கின்றன. ஆனால் கேட்டதோ, தன்னிடம் இருந்ததையெல்லாம் கொடுத்த கொடி. கொற்றி தூரிகையைக் கீழே வைத்தாள்.

"சரி. அப்படியே நிற்கட்டும்."

ஆட்ட நாளன்று இரண்டு மலையும் தட்டைப்பாறையைச் சுற்றிக் கூடின. நெடுவேட்டர் தன் படையை இறக்கினார். பார்த்தவர்கள் மூச்சை இழுத்துக்கொண்டார்கள். எல்லாம் மரத்தில் செதுக்கியது. குதிரைகளுக்குப் பிடரிமயிர் தனித்தனியாகத் தெரிந்தது, வீரர்களுக்குப் புருவம்கூட இருந்தது. மஞ்சள் குழைத்துப் பூசியிருந்தார். முன்வரிசையில் நின்ற ஒருவனுக்கு அவருடைய இறந்த மகனின் முகம்.

கொற்றி தன் கூடையைத் திறந்தாள். சிவப்பு மணிகள் வெயிலில் பளிச்சிட்டன. கீழைமலைக்காரர்களில் யாரோ சிரித்தார்கள். நெடுவேட்டர் சிரிக்கவில்லை. ஒரு மணியை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"பின்பக்கம் வண்ணம் இல்லையே."

"இல்லை" என்றாள் கொற்றி. "அது இவர்களின் தாய் நிறம். நான் பிடித்த தடமும் அங்கேதான் இருக்கிறது. மறைக்க எனக்கு மனமில்லை. நான் இதுவரை செய்ததில் இதைவிட நல்ல படை கிடையாது."

வரையாடு மெல்ல நடந்து வந்தது. ஒரு மணியைப் பார்த்தது, பிறகு பின்னால் நகர்ந்து போய்ப் பத்தடி தள்ளி நின்று பார்த்தது.

"யாருடைய வீரன் என்று தூரத்திலிருந்து தெரியத்தான் அந்த விதியை வைத்தேன். நெடுவேட்டா, உன் கண்ணுக்கு எப்படி?"

நெடுவேட்டர் பாறையின் மறுமுனைக்குப் போய் நின்று பார்த்தார். இல்லை என்று சொல்ல அவருக்கு வாய்ப்பு இருந்தது. அவரைச் சுற்றி நின்றவர்கள் அதைத்தான் எதிர்பார்த்தார்கள்.

"தெரிகிறது" என்றார். "நன்றாகவே தெரிகிறது."

ஆட்டம் தொடங்கியது. நெடுவேட்டர் தன் குதிரைகளை நேரே குழியை நோக்கி ஓட்டினார். கொட்டைகள் உருண்டன. சிவப்பு சாய்ந்தது, மஞ்சள் சாய்ந்தது. உச்சிவெயிலில் மஞ்சள் படை குழியைச் சூழ்ந்துவிட்டது. கொற்றியிடம் நாற்பது பேர் பின்வரிசையில் அசையாமல் நின்றார்கள். கடைசி நாளில், கை தேர்ந்த பிறகு அவள் பூசிய மணிகள் அவை. ஒன்றில்கூடக் கறையோ திட்டோ இல்லை. நடை வரும்போதெல்லாம் அவள் கை அவர்கள் பக்கம் போகும், உடனே திரும்பிவிடும்.

பின்வரிசையிலிருந்து ஒரு மணி பேசியது. குரல் மிகச் சிறியது, அவளுக்கு மட்டும் கேட்டது.

"எங்களை ஏன் இங்கேயே நிறுத்தியிருக்கிறாய்?"

"நீங்கள் சாய்வதைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை."

"அண்ணன்மார் அங்கே விழுந்து கிடக்கிறார்கள். பார்த்துக்கொண்டிருக்கவா எங்களை இவ்வளவு அழகாகச் செய்தாய்?"

கொற்றிக்குக் கண் கலங்கியது. கோரைத்தண்டை எடுத்தாள். நாற்பது பேரையும் ஒருவர் பாக்கியில்லாமல் பாறையின் இடது ஓரமாக நகர்த்தினாள். அடுத்த நடை, அதற்கடுத்த நடை. நடுவில் நின்ற தன் ஆட்களைக் கொண்டு நெடுவேட்டரின் குதிரைகளை மறித்து நிறுத்தினாள். ஓரமாகப் போன நாற்பது பேரும் பின்னாலிருந்து குழியருகே வந்து பாய்ந்தார்கள். கொட்டையில் ஐந்து வெள்ளை, பிறகு ஆறு. நெடுவேட்டருக்கும் ஆறு விழுந்தது. நாற்பது இருபதானது, இருபது ஒன்பதானது. மகன் முகம் கொண்ட மஞ்சள் வீரன் கடைசிவரை குழிக்கரையில் நின்றான். அவன் சாய்ந்தபோது நெடுவேட்டர் அவனைத் தானே எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கியபோது தண்ணீரைச் சுற்றி மூன்று சிவப்பு மணிகள் நின்றன. வேறு யாரும் இல்லை.

"சுனை மேலைமலைக்கு" என்றது வரையாடு.

மேலைமலை இளைஞர்கள் யாரிடமும் வேல் இல்லை. பாறையைப் பார்க்கிற அவசரத்தில் கொண்டுவந்த வேல்களையெல்லாம் மரத்தடியில் போட்டுவிட்டு முண்டியடித்து நின்றிருந்தார்கள். இரண்டு ஊரிலும் அன்று யாரும் சாகவில்லை. பூவை ஒரு பெருமூச்சு விட்டு உட்கார்ந்தாள்.

நெடுவேட்டர் கொற்றியிடம் வந்தார். "இந்த மினுமினுப்பு எப்படி வந்தது?"

"மூன்று பூச்சு. ஒவ்வொன்றும் காய்ந்த பிறகுதான் அடுத்தது."

"நான் இரண்டோடு நிறுத்திவிட்டேன்" என்றார் அவர். தன் குதிரைகளில் சிறந்த ஒன்றை எடுத்து அவள் கையில் வைத்தார். "உன் படையிலிருந்து எனக்கு ஒருவனைக் கொடு. என் வேலியோரம் ஊன்றிவைக்கிறேன்."

கொற்றி குழிக்கரையில் நின்றவர்களில் ஒருவனைக் கொடுத்தாள். மற்றவர்களை எல்லாம் பொறுக்கி எடுத்துக்கொண்டு போய்க் குன்றிக்கொடியின் காலடியில் வைத்து, நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். கொடி மறுபடி மறுபடி கேட்டது. முக்கியமாக அந்த நாற்பது பேரின் கதையை மூன்று முறை சொல்லச் சொன்னது.

"எனக்குத் தெரியும்" என்றது கடைசியில். "கெட்டிக்காரர்கள் என்று எனக்கு முதலிலேயே தெரியும்."

அந்த மணிகள் அங்கேயே மண்ணில் முளைத்தன. அடுத்த வருடம் இரண்டு மலையின் வேலிகளிலும் நெற்றுகள் வெடித்தபோது, உள்ளே இருந்த பிள்ளைகள் அத்தனை பேரும் சிவப்பாகப் பிறந்திருந்தார்கள். கொற்றியின் நகம் பிடித்த இடம் மட்டும் கறுப்பு.

அன்று தொடங்கித்தான் குன்றிமணிக்குச் சிவப்பு உடலும் கறுப்பு முனையும். நெற்று காய்ந்து இரண்டாகப் பிளந்த பிறகும் குன்றிக்கொடி மணிகளைக் கீழே உதிர்க்காமல், வரிசையாக ஏந்திக்கொண்டு, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் தன் பிள்ளைகளைக் காட்டிக்கொண்டு நிற்பதும் அன்று தொடங்கித்தான்.