வயிற்றில் கண் வைத்த பூச்சாண்டி

காட்டோரக் குளக்கரையில் ஒரு புங்கமரம் இருந்தது. அதில் ஒரு தவிட்டுக்குருவிக் குடும்பம் குடியிருந்தது. தவிட்டுக்குருவிகள் எதையும் தனியாகச் செய்வதில்லை. இரை தேடுவது, குளிப்பது, சண்டை போடுவது எல்லாம் கூட்டமாகத்தான். ஒன்று வாயைத் திறந்தால் மற்றவை எல்லாம் சேர்ந்து பதில் சொல்லும்.

அந்தக் குடும்பத்தில் தாத்தாவுக்கு ஒரு கண் மங்கல். அவருடைய மகன் மருதன், மருமகள் பவளம், போன வருஷம் பிறந்த பேத்தி பொட்டு, மருதனின் தங்கை வடிவு ஆகியோர் அவரோடு இருந்தார்கள். வடிவுக்கு எதுவும் நேராக இருக்க வேண்டும். கூட்டில் ஒரு குச்சி துருத்திக்கொண்டிருந்தால்கூட அவளுக்கு இரை இறங்காது.

பவளம் போன முறை இட்ட முட்டைகளை ஒரு காட்டுப்பூனை தின்றுவிட்டுப் போயிருந்தது. இப்போது அவள் மறுபடியும் முட்டையிட்டு அடைகாத்துக்கொண்டிருந்தாள். அதே பூனை எதிர்க்கரையில் நடமாடுவதை மருதன் பார்த்துவிட்டு வந்து சொன்னான். அன்றைக்கு வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

"நாம கொத்தி அதை விரட்ட முடியாது. பயமுறுத்திப் பார்க்கலாம்," என்றான் மருதன். "கிளை பிரியற இடத்துல ஒரு பூச்சாண்டி செஞ்சு வச்சா என்ன?"

"செய்வோம். ஆளுக்கு ஒண்ணு கொண்டு வாங்க," என்றார் தாத்தா.

உடம்பை வடிவு கட்டினாள். காய்ந்த புல்லைச் சேர்த்து, நாரைச் சுற்றி, கச்சிதமாகக் கட்டி நிறுத்தினாள். அதோடு விட்டிருந்தால் அவளுக்கு நிம்மதி. ஆனால் மற்றவர்கள் வந்துவிட்டார்கள்.

தாத்தா ஒரு நண்டுக் கொடுக்கைக் கொண்டு வந்து, வேலம்பிசின் தடவி, மூக்கு என்று சொல்லி ஒட்டினார்.

"அப்பா, மூக்கு காதுப் பக்கம் போயிருச்சு," என்றாள் வடிவு.

"அப்படியா? சரி, காது நல்லாக் கேட்கட்டும்."

மருதன் ஒரு பாம்புச்சட்டையை இழுத்து வந்து துண்டு போலத் தோளில் போட்டான். பொட்டு குன்றிமணிகளைக் கொண்டு வந்தாள். முகத்தில் ஒரே பக்கமாக இரண்டு கண் வைத்தாள். ஒரு மணி மிச்சம் இருந்தது. அதை வயிற்றில் ஒட்டினாள்.

"வயித்துல எதுக்குடி கண்ணு?" என்று கேட்டாள் வடிவு.

"குனியாமலே கீழே பார்க்கணுமே அத்தை."

கூட்டை விட்டு இறங்க முடியாத பவளம் மேலிருந்தபடி தன் மார்பிலிருந்து ஓர் இறகைப் பிடுங்கிப் போட்டாள். அது பூச்சாண்டியின் தலையில் விழுந்து பிசினில் ஒட்டிக்கொண்டது. எல்லாரும் சிரித்தார்கள். போன முட்டைகள் பறிபோன பிறகு அந்த மரத்தில் சிரிப்புச் சத்தம் கேட்டது அன்றைக்குத்தான்.

சாயங்காலம் பூனை வந்தது. மரத்தடியில் நின்று மேலே பார்த்தது.

"யாரது?"

பதில் இல்லை. காற்றில் பாம்புச்சட்டை சரசரத்தது. பூனை இடப்பக்கம் நகர்ந்தது. வயிற்றுக் கண் அதையே பார்த்தது. வலப்பக்கம் நகர்ந்தது. அங்கேயும் பார்த்தது. எலியைத் தெரியும், பாம்பைத் தெரியும், கழுகைத் தெரியும். இது என்னவென்று பூனைக்குத் தெரியவில்லை. பேர் தெரியாத ஒன்றோடு மோத அது தயாராக இல்லை. வந்த வழியே திரும்பிப் போனது.

"என் கொடுக்கைப் பார்த்துத்தான் ஓடிச்சு," என்றார் தாத்தா. "இல்லை, என் கண்ணு!" என்று குதித்தாள் பொட்டு. அன்றிலிருந்து இரை தேடிவிட்டு வரும்போதெல்லாம் ஆளாளுக்குத் தங்கள் பங்கைச் சரிபார்த்து, பிசின் தடவி, அங்கேயே உட்கார்ந்து அரட்டை அடித்தார்கள். அதனால் பூச்சாண்டியின் பக்கத்தில் எப்போதும் காவல் இருந்தது.

வடிவுக்கு மட்டும் மனசு ஆறவில்லை. அந்தப் பக்கமாகப் போன ஒரு மைனா, "இது என்ன, மழையில நனைஞ்ச பெருச்சாளியா?" என்று வேறு கேட்டுவிட்டுப் போனது. உடம்பைக் கட்டியவள் வடிவு என்பது ஊருக்கே தெரியும். அவமானமாக இருந்தது. இந்த அலங்கோலத்துக்கே பூனை ஓடுகிறதென்றால், ஒழுங்காகச் செய்தால் காட்டை விட்டே ஓடிவிடாதா என்று அவள் கணக்குப் போட்டாள்.

ஒருநாள் மற்றவர்கள் இரை தேடப் போன நேரம் பார்த்து எல்லாவற்றையும் பிரித்தாள். இரண்டு கண்களை முகத்தில் நேராக வைத்தாள். வளைந்த குச்சி ஒன்றை அலகாக நடுவில் வைத்தாள். உதிர்ந்து கிடந்த இறகுகளை வரிசையாகச் செருகினாள். அசல் ஆந்தை ஒன்று உட்கார்ந்திருந்தது. கொடுக்கு, மூன்றாவது கண், பாம்புச்சட்டை மூன்றையும் ஒரு பொந்துக்குள் தள்ளினாள்.

திரும்பி வந்தவர்கள் பார்த்தார்கள். அந்தக் கூட்டம் முதல்முறையாகப் பேச்சில்லாமல் நின்றது.

"அழகா இருக்கு," என்றான் மருதன் மரியாதைக்கு.

"என் கண்ணு எங்கே அத்தை?"

"கண்ணு முகத்துலதான் இருக்கணும், பொட்டு."

தாத்தா தன் கொடுக்கைப் பற்றிக் கேட்கவே இல்லை. அதற்குப் பிறகு யாரும் பூச்சாண்டியின் பக்கம் போகவில்லை. தொட்டால் கலைந்துவிடும் என்று பயம். தாத்தாவும் பேத்தியும் மட்டும் அடிக்கடி மேல் கிளை இலைகளுக்குள் போய் எதையோ குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்தார்கள். வடிவு அதைக் கவனிக்கவில்லை.

பூனைக்குப் பசி. மறுபடியும் வந்தது. அப்போது மரத்தில் பவளமும் வடிவும் மட்டுமே இருந்தார்கள்.

"அட, ஆந்தையா? உன்கூட எலிக்காக எத்தனை தடவை சண்டை போட்டிருக்கேன்," என்றது பூனை. தாவி ஏறி ஓர் அறை விட்டது. ஆந்தையின் தலை உருண்டது. புல் கொட்டியது. "வெறும் புல்லுதானா!"

வடிவு கத்திக்கொண்டே பாய்ந்து கொத்தினாள். பூனை அவளை உதறிவிட்டு மேலே ஏறியது. பவளம் கூட்டை விட்டு அசையவில்லை. பூனை ஒரு காலைக் கூட்டின் விளிம்பில் போட்டு முகத்தைத் தூக்கியது.

கூட்டுக்கு அடியில், இலைகளுக்கு நடுவே, பூனையின் மூக்குக்கு நேராக, ஏதோ ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. சுருண்ட பாம்புச்சட்டை, நடுவில் ஒற்றைச் சிவப்புக் கண், வால் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கொடுக்கு. காற்றடித்தது. அது சரசரவென்று பூனையின் மூக்கைத் தடவியது.

பூனை அலறிப் பிடியை விட்டது. தொப்பென்று குளத்துச் சேற்றில் விழுந்து, திரும்பிப் பார்க்காமல் ஓடியது. ஆனால் அதன் நகம் பட்டுக் கூடு ஒருபக்கம் சரிந்துவிட்டது. ஒரு முட்டை கீழே விழுந்து உடைந்தது.

சத்தம் கேட்டு மற்றவர்கள் பறந்து வந்தார்கள். திட்டு விழும் என்று பொட்டு முந்திக்கொண்டாள். "பொந்துல கிடந்த மிச்சத்தை வச்சு தாத்தாவும் நானும் செஞ்சோம் அத்தை. உங்களுக்குப் பிடிக்காதுன்னு இலைக்குள்ள ஒளிச்சு வச்சோம்."

வடிவு உடைந்த முட்டையைப் பார்த்தாள். அழுகை வந்துவிட்டது. "நான்தான் இதைக் கெடுத்தேன் அண்ணி."

பவளம் மீதி முட்டைகளைச் சிறகால் அணைத்துப் பிடித்தாள். பிறகு, "கூடு சரிஞ்சு கிடக்கு. மீதி முட்டையும் உருண்டுடும். எல்லாரும் வந்து தூக்கிப் பிடிங்க," என்றாள். வடிவு தயங்கி நிற்பதைப் பார்த்து, "நீயும்தான்," என்றாள்.

கூட்டை நிமிர்த்திய பிறகு புதிதாக ஒரு பூச்சாண்டி செய்தார்கள். இந்த முறை பொட்டு ஒரு கண்ணை முதுகில் வைத்தாள். வடிவின் அலகு பழக்கதோஷத்தில் அதை நோக்கிப் போனது. நடுவழியில் நின்றது. பிறகு கொஞ்சம் பிசினை எடுத்து, அந்தக் கண் விழாதபடி முதுகிலேயே அழுத்தி ஒட்டியது.

முட்டைகள் பொரிந்தன. குஞ்சுகள் கண் திறந்ததும் பூச்சாண்டியையும் ஓர் உறவுக்காரர் என்று நினைத்து, அதனிடமும் வாயைத் திறந்து இரை கேட்டன.

கூடிச் செய்த வேலையில் அடுத்தவர் கைக்கோணலை அழிக்கிறவர், அந்தக் கையையே வேண்டாம் என்று தள்ளிவிடுகிறார்.