நாத்தனார் முடிச்சும் செல்லம்மையின் தூக்கமும்

புளிச்சங்குளத்து வீரபாகு வீட்டில் மூளைக்குப் பஞ்சம் உண்டு, சொன்ன பேச்சைக் கேட்பதற்குப் பஞ்சமே கிடையாது. செல்லம்மை பிறந்து பத்து மாதமாகியும் அவள் அம்மா நாச்சியார் உட்கார்ந்து ஒரு வாய் சோறு தின்னவில்லை. பால் பொங்கினால் தொட்டிலை ஆட்டினாள், பிள்ளை அழுதால் அடுப்பை ஊதினாள். பார்க்கவே பாவமாக இருக்கும். வீடே தூக்கமில்லாமல் கண் சிவந்து நின்றது.

மருத்துவச்சி பேச்சியம்மாள் வந்து பார்த்தாள். "பிள்ளை தூங்கையிலே வீட்டு ஆளுக எல்லாரும் தூங்கிரணும். இல்லேன்னா உடம்பு தாங்காது" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

வீரபாகுவும் அவன் தம்பிகள் சடையப்பனும் ஆண்டியப்பனும் அதை அப்படியே பிடித்துக்கொண்டார்கள். அன்று சடையப்பனுக்குப் பாதி முகம் சவரமாகியிருந்தது. செல்லம்மை கண்ணை மூடியதும் சவரக்காரர் மடியிலேயே சாய்ந்துவிட்டான். மீதிப் பாதி அடுத்த வாரம்தான் ஆனது. கூரை வேயப் போன ஆண்டியப்பன் ஏணியின் நடுப்படியில் தூங்கினான்.

இந்த லட்சணத்தில் நாச்சியாரின் தம்பி குமரேசனுக்குக் கல்யாணம் வந்தது. தாலியில் மாப்பிள்ளை இரண்டு முடிச்சு போடுவான். மூன்றாவது, அக்காள் போடவேண்டிய நாத்தனார் முடிச்சு. அவள் தூக்கி வளர்த்த ஒரே தம்பி. அந்த முடிச்சைத் தன் கையால் போடாவிட்டால் மனசு ஆறாது என்று நாச்சியார் அழுதாள். பெண் வீடு நாலு மைல்தான். புதன்கிழமைக் கல்யாணத்துக்குத் திங்கட்கிழமையே வண்டி கட்டினார்கள்.

வண்டி ஆடியதும் செல்லம்மை தூங்கினாள். உடனே நிறுத்தினார்கள்.

"மாடு என்னண்ணே செய்யும்?" என்றான் சடையப்பன்.

"அதுவும் நம்ம வீட்டு உருப்படிதானலே. அவுத்துப் படுக்க வை" என்றான் வீரபாகு.

மாடுகளைத் தட்டிக்கொடுத்துப் படுக்க வைத்துவிட்டுத் தலை சாய்ப்பதற்குள் செல்லம்மை எழுந்துவிட்டாள். ஆட்டம் நின்றால் எந்தப் பிள்ளை தூங்கும்? மறுபடி பூட்டினார்கள். பத்தடி போனதும் மறுபடி தூங்கினாள். சாயங்காலம்வரை ஊர் எல்லைக்கல்லைத் தாண்டவில்லை. மூன்று பேரும் கூடி யோசித்தார்கள்.

"வண்டி ஓடினா பிள்ளை தூங்குது. நின்னா முழிக்குது" என்றான் ஆண்டியப்பன்.

"அப்ப நின்ன வண்டியிலேதான் போகணும்" என்றான் சடையப்பன்.

"எப்படிலே?"

"சக்கரம் உருளாம நாம தூக்கிட்டுப் போவோம்."

நாச்சியாரையும் பிள்ளையையும் உள்ளே வைத்து வண்டியைத் தோளில் தூக்கினார்கள். மாடுகள் பின்னால் நடந்து வந்தன. சடையப்பனின் தலைமயிர் கைக்கு எட்டியதால் செல்லம்மை வழியெல்லாம் கொட்டக் கொட்ட விழித்திருந்தாள்.

புதன்கிழமை போய்ச் சேர்ந்தபோது, குமரேசன் இரண்டு முடிச்சு போட்டுவிட்டுச் சரட்டின் நுனிகளைப் பிடித்தபடி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான். நாச்சியார் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடினாள். சரட்டைத் தொட்டாள். ஓடிய ஆட்டத்தில் செல்லம்மை தோளில் சாய்ந்து தூங்கியிருந்தாள்.

நாச்சியாரின் கண் கலங்கியது. "கோவிச்சுக்காதடா தம்பி" என்று சொல்லிவிட்டு மணவறையிலேயே படுத்தாள்.

தாய்மாமனும் வீட்டு ஆள்தானே என்று குமரேசன் சரட்டை விடாமல் படுத்தான். கழுத்து அந்தப் பக்கம் போனதால் மணப்பெண்ணும் படுத்தாள். புரோகிதர் கெட்டிமேளம் கேட்டார்.

"பிள்ளை முழிச்சிருமே சாமி" என்று கிசுகிசுத்த மேளக்காரர் குச்சியைக் கீழே வைத்தார். பந்தலே ஓய்ந்து கண்ணயர்ந்தது.

சத்தம் அடங்கியதும் செல்லம்மை கண் விழித்தாள். தவழ்ந்து போய், மாமன் கை நழுவிய சரட்டை இழுத்தாள், சப்பினாள், சுற்றி முறுக்கினாள்.

எல்லோரும் எழுந்து பார்த்தால் மூன்றாவது முடிச்சு விழுந்திருந்தது. நாலு பேர் சேர்ந்தாலும் அவிழ்க்க முடியாத முடிச்சு. கொஞ்சம் எச்சில் ஈரம்.

"மதினிதான் தூக்கத்திலேயே போட்டிருக்கு" என்றான் சடையப்பன்.

நாச்சியாருக்கு நினைவில்லை. பத்து மாதமாக எதைத்தான் நினைவோடு செய்தாள்? நம்பினாள். சந்தோஷத்தில் அழுதாள். கெட்டிமேளம் முழங்கியது. மனசு நிறைந்த நாச்சியார் பந்தல்காலில் சாய்ந்து, அந்தச் சத்தத்திலும் அயர்ந்து தூங்கிப்போனாள்.

வீரபாகு பிள்ளையைப் பார்த்தான். அது சிரித்துக்கொண்டிருந்தது. பதறிப்போய்ப் பெண்டாட்டியை உலுக்கினான்.

"ஏட்டி நாச்சியா, எந்திரி. பிள்ளை முழிச்சிருக்கையிலே நீ தூங்கலாமா? உடம்பு தாங்காது."